எண்ணிக்கை குறையாத மாளிகை

அறிவிப்புப் பலகைகளுக்குக் கீழ்ப்படிவது ஜெபசீலனின் இயல்பு. ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற பலகையைக் கண்டால், உள்ளே செல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் காலணிகளைக் கழற்றிவிடுவார். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் தலைமை எழுத்தராக முப்பது ஆண்டுகள் இத்தகைய பலகைகளை எழுதி மாட்டியவர் அவர். தாம் எழுதியவற்றை மாணவர் ஒருவரும் மதிக்கவில்லை என்ற குறையை, பிறர் எழுதியவற்றைத் தாம் மதித்துத் தீர்த்துக்கொண்டார்.

அவருடைய மனைவி சாராள் வேறு வகை. சபையின் ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவள். பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினொன்றாவது எதையும் அவள் ஏற்பதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜெபசீலனின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மருத்துவர், மனத்தை இலேசாக வைத்துக்கொள்ளும்படியும் பழைய கோயில், கோட்டை, ஏரி என்று நான்கு இடங்களைப் போய்ப் பார்க்கும்படியும் சொல்லியிருந்தார். நான்கு ஆண்டுகளில் அவர்கள் பார்த்த ஒரே பழைய கட்டடம் அந்த மருத்துவமனைதான். ஆகவே ஓர் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, முடிச்சூர் சாலை வழியே படப்பையைத் தாண்டி, ஓர் ஏரிக்கரையில் இருந்த வேட்டை மாளிகையைக் காணச் சென்றார்கள். நவாபின் படைத்தலைவர் ஒருவர் அங்கே தங்கி வாத்து சுட்டதாக நுழைவுச் சீட்டின் பின்புறம் தெரிவித்தது. மாளிகையை மரபுடைமைக் காப்புக் கழகம் பாதுகாத்துவந்தது. மாளிகைக்குக் கூரை இல்லை.

உள்முற்றத்தில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள்: ‘ஆண்டுக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பார்வையாளர்கள் அசையாது ஒத்துழைக்கவும்.’

ஜெபசீலன் உடனே அருகிலிருந்த கல்லில் அமர்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சாராள் நுழைவுச் சீட்டால் விசிறிக்கொண்டு தூணுக்குத் தூண் நடந்தாள்.

“என்னங்க, இந்த வெயில்ல ஏன் இங்கயே உக்காந்துட்டீங்க?”

ஜெபசீலன் கண்ணால் பலகையைக் காட்டினார்.

அப்போது கழக ஊழியர் ஒருவர் வந்தார். ஒரு கையில் பதிவேடு, மறு கையில் வெள்ளை எனாமல் டப்பா, காதிடுக்கில் தூரிகை. சட்டைப்பையில் குமரேசன் என்ற பெயர்ப் பட்டை. அவர் தூணுக்கு எண் இட்டார். உடைந்த படிக்கு எண் இட்டார். படியில் யாரோ விட்டுச்சென்ற குடைக்கும் எண் இட்டார். பிறகு ஜெபசீலனைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுதினார்:

“பொருள் எண் இருநூற்று இருபது. அமர்ந்த நிலையில் ஆண் உருவம். பிற்காலம். மூக்கு சற்றே சிதைந்துள்ளது.”

ஜெபசீலனின் மூக்கு பிறவியிலேயே அப்படித்தான். அதை எடுத்துரைக்க அவர் விரும்பினார். பலகையை எண்ணி அடங்கினார். இடது மணிக்கட்டில் தூரிகை குளிர்ச்சியாகப் பட்டது.

“ஹலோ! என்ன பண்றீங்க நீங்க?” என்று சாராள் ஓடிவந்தாள். “அவர் என் ஹஸ்பண்ட்!”

“அது உங்க கருத்து மேடம்” என்றார் குமரேசன், மரியாதையாக. “நான் எண்ணும்போது அசையல. எண்ணும்போது அசையாம வளாகத்துக்குள்ள இருந்தா அது பொருள். ரூல் அதான்.”

“அப்ப என்னை ஏன் விட்டீங்க?”

“நீங்க விசிறிக்கிட்டே இருந்தீங்களே! அசையறதைச் சேர்த்தா ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் வரும். போன வருஷம் ஒரு ஓணானால எனக்கு மெமோ.”

“நான் இப்போது அசைகிறேன்” என்று ஜெபசீலன் எழுந்து நின்று, சான்றாக இரு கைகளையும் ஆட்டிக் காட்டினார்.

“இனி ஆடினாலும் ஓடினாலும் ஒண்ணும் ஆகாது சார். நம்பர் விழுந்திடுச்சு.” குமரேசன் எனாமல் டப்பாவை மூடினார். “மேடம், இன்னொண்ணு. பொருளை வெளிய கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு நினைக்காதீங்க. கேட்டைத் தாண்டினா அது தொன்மைப் பொருள் கடத்தல். கேஸ் பொருள்மேல வராது, எடுத்துட்டுப் போனவங்க மேலதான் வரும். மூணு வருஷம், ஜாமீன் கிடையாது.”

ஜெபசீலன் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கைபேசியைத் தேடினார். அது இல்லை. ‘220-அ, துணைப்பொருள்’ என்று எழுதிய சிறு உறையில் அது ஏற்கெனவே குமரேசனின் சட்டைப்பையில் இருந்தது. 

“சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்காணிப்பாளர் பட்டியல்ல கையெழுத்துப் போடுவார்” என்றார் குமரேசன். “அதுக்கு முன்னால வேணா அவரைப் பாருங்க. கையெழுத்து ஆயிட்டா மேலிடம்தான். மேலிடத்துல இப்ப ஆள் இல்ல.”

மணி மூன்றே முக்கால்.

கண்காணிப்பாளர் மதிய உணவு அருந்திவிட்டு இன்னும் வரவில்லை. சாராள் அலுவலக வாசலில் போய் நின்றாள். ஜெபசீலனுக்கு நிற்கவும் அச்சமாக இருந்தது, உட்காரவும் அச்சமாக இருந்தது. முற்றத்தைச் சுற்றி நடந்தார். கிணற்றடியில், ஒரு மின்மோட்டாரின் அருகே, கட்டம்போட்ட லுங்கி கட்டிய ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் 207 என்ற எண் இருந்தது. மோட்டாரில் 206 என்று இருந்தது.

“புச்சா சார்?” என்றார் அவர், தம் பக்கத்தில் இடம் காட்டி. “குந்து. நாம்பளும் மன்சங்கதான். பேரு ஜெயவேலு. பம்மல்ல வூடு. மோட்டார் ரிப்பேர் பண்ண வந்தேன். வேலை முட்ச்சுட்டு செத்த கண்ணசந்தேன் சார், அவ்ளோதான். எய்ந்து பாத்தா கைல நம்பரு. ஆறு வர்சம் ஆவுது.”

ஜெபசீலன் தம் மணிக்கட்டு எண்ணைத் தேய்த்துப் பார்த்தார். “ஆறு ஆண்டுகளா? சாப்பாடு?”

“சாப்பாட்டுக்குப் பேஜார் இல்ல. வூட்லேந்து கொண்டாந்து குட்த்துட்டுப் போறாங்கோ. இன்னா, பாக்க வரவங்கோ டிக்கெட் வாங்கணும். வர்சத்துக்கு ரெண்டு தபா சுண்ணாம்பு அடிப்பாங்கோ. கண்ண மூடிக்கோ, அப்பால ஒண்ணும் தெரியாது. பயந்துக்காத சார். மொத ரெண்டு வர்சம்தான் கஸ்டம்.”

“வெளியே போக வழியே இல்லையா?”

ஜெயவேலு பீடியை அணைத்தார். கேட்டின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே ஒரு வழி கீது. நீ போலின்னு எழுதிக் குட்த்தா வுட்ருவாங்கோ. உன்ன நல்லாத் தெரிஞ்சவங்கோ ஒருத்தரு வந்து சாட்சி சொல்லணும். எனுக்கும் என் பொஞ்சாதி வந்தா சார். எல்லாம் கேட்டுக்கினே வந்தாங்கோ, கரீட்டா சொல்லிக்கினே வந்தா. கடசில ‘இவுரு இல்லாங்காட்டி யாருக்குனா நஷ்டமா’ன்னு கேட்டாங்கோ. ‘இவுரு இல்லாம எங்களுக்கு ஏது சாமி பொயப்பு’ன்னு ஓன்னு அய்துட்டா. அசல்னு எழுதிட்டாங்கோ.”

அவர் மோட்டாரைத் தடவிக்கொடுத்தார்.

“உன் வூட்டம்மா கைல சொல்லி வெய் சார். அந்தக் கேள்விக்கு மட்டும் ‘இல்ல’ன்னு சொல்லச் சொல்லு.”

ஜெபசீலன் அதைச் சாராளிடம் சொல்லி முடித்த சிறிது நேரத்தில், நான்கரைக்கு, கண்காணிப்பாளர் தனக்கோடி வந்தார். விசாரணைக்கு முன் பார்வையாளர்களுக்குக் கழகத்தின் சாதனைகளை விளக்குவது அவர் வழக்கம். விசாரிக்கப்படும் பொருளுக்கும் அதை விளக்கினார்.

“பலரும் எங்கள்மீது ஒரு குறை சொல்கிறார்கள், கூரை விழுந்துவிட்டதாம். விழுந்தது உண்மை, இருமுறை விழுந்தது. ஆனால் விழுவதற்குமுன் அது ஒரே ஒரு பொருள். இன்று நூற்று முப்பத்தொரு பொருள்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் உண்டு. நாங்கள் பொறுப்பேற்றபோது இங்கே எழுபத்தாறு பொருள்களே இருந்தன. மரபு அழிகிறது, அழிகிறது என்று எல்லோரும் புலம்பும் இக்காலத்தில், இங்கு மட்டும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்டடத்தை யார் வேண்டுமானாலும் காப்பாற்றலாம். எண்ணிக்கையைக் காப்பாற்றுவதுதான் கடினம். சென்ற மழையில் கீழைச்சுவர் சாயும்போல் இருந்தது. நல்ல செய்தி என்று மேலிடத்துக்கு எழுதினேன்.”

சுவர்க் கடிகாரம் நான்கு நாற்பத்தைந்து காட்டியது. அதற்கும் எண் இருந்தது. அது ஓடவில்லை என்பதை ஜெபசீலன் பிறகுதான் கவனித்தார். உண்மை நேரம் என்ன என்று தெரியாததே பேரச்சமாக இருந்தது.

“சாட்சி, பொருளுக்கு என்ன உறவு?”

“மனைவி” என்றாள் சாராள்.

“பொருள் எக்காலத்தது?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.”

“பிற்காலச் சேர்க்கைகள் ஏதேனும் உண்டா?”

“முன் பல் ரெண்டும் கட்டினது. கண்ணாடி. அப்புறம் உள்ளே ஸ்டென்ட் இருக்கு, ஹார்ட்ல.”

“உட்புறம் உலோகமா?” கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். “குமரேசன், குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப்பகுதியில் இக்கால உலோகம்.” பிறகு ஜெபசீலனைச் சற்றே வெறுப்புடன் நோக்கினார். “கலைச்சிறப்பு?”

“சுத்தமா இல்லைங்க” என்றாள் சாராள், தயக்கமின்றி.

“இறுதிக் கேள்வி. இப்பொருள் இல்லாவிட்டால் எவருக்கேனும் இழப்பு உண்டா?”

சாராள் ஜெபசீலனைப் பார்த்தாள். பொய் சொல்லலாகாது என்று ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குச் சொல்லுகிறவள். ஜெபசீலன் அறிந்தவரை, மணமான இந்த முப்பத்தோர் ஆண்டுகளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவள் கையிலிருந்த நுழைவுச் சீட்டு வியர்வையில் நனைந்து கூழாகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தூரத்துக் கிணற்றடியில் ஜெயவேலு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல” என்றாள்.

கண்காணிப்பாளர் ‘போலி’ என்ற முத்திரையைப் பதித்தார். ஜெபசீலன் தம் கைபேசிக்காகக் குமரேசனிடம் கை நீட்டினார். 

“சம்பிரதாயத்துக்காக ஒன்று” என்றார் தனக்கோடி. “இந்தப் போலி இதற்குமுன் வழக்கமாக எங்கே வைக்கப்பட்டிருந்தது?”

சாராள் ‘வீட்டில்’ என்று சொல்லியிருக்கலாம். கணவனை மதிப்பற்றவன் என்று சற்றுமுன் சொன்ன நெஞ்சம், ஏதேனும் ஒன்றைப் பற்றியாவது பெருமையாகப் பேச ஏங்கியிருக்க வேண்டும்.

“எங்க சர்ச்லதாங்க. மூணாவது பெஞ்ச். இருபத்தாறு வருஷமா அதே இடம், ஒரு வாரம்கூட மாறினதில்ல. தாம்பரத்துலயே பழைய சர்ச்சுல ஒண்ணு சார். போன வருஷம்தான் நூறாவது ஆண்டு கொண்டாடினோம். மணி லண்டன்லேர்ந்து வந்தது. பெஞ்சு எல்லாம் தேக்கு!”

தனக்கோடி மேசையின் இழுப்பறையிலிருந்து வேறொரு பதிவேட்டை எடுத்தார். முகவரியைக் கேட்டு, அழகான எழுத்தில் எழுதிக்கொண்டார். தம் சபையின் பெயரை ஓர் அரசு அதிகாரி எழுதிக்கொள்வதைச் சாராள் நிறைவுடன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சற்றுப் பிந்திவிட்டது.

ஐந்து வாரம் கழித்து ஆலயச் சுற்றுச்சுவரில் நீலப் பலகை ஒன்று தோன்றியது: ‘இவ்வாலயம் மரபுடைமைக் காப்புக் கழகத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.’ சபைக் கமிட்டி அதற்கு மாலை சூட்டி, ஆயரை வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. கணக்கெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்று கழகம் எழுதியிருந்தது. எந்த ஞாயிறு என்று எழுதவில்லை.

ஜெபசீலன் கமிட்டிச் செயலாளர் டேனியலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டேனியல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிரதர், ஸ்டென்ட் செக்கப் எப்ப போனீங்க?” என்றார்.

“சும்மா பயப்படாதீங்க” என்றாள் சாராள். “நான் விசிறிக்கிட்டே இருப்பேன். போதுமா?”

அவள் சொன்னபடியே செய்தாள். மூன்று ஞாயிறுகள் பாடலுக்கு விசிறினாள், வேதபாடத்துக்கு விசிறினாள், பிரசங்கத்துக்கு விசிறினாள். ஆனால் ஜெபத்தின்போது சாராள் விசிறுவதில்லை. அது அவள் தாய் கற்பித்த ஒழுக்கம். முழந்தாளிட்டு, கண்களை மூடினால், ஆமென் சொல்லும்வரை இடியே விழுந்தாலும் அசையமாட்டாள். அந்த ஆலயத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆயரின் பொது மன்றாட்டு பதினெட்டு நிமிடம்.

நான்காம் ஞாயிறு. நாட்டுக்காகவும் தலைவர்களுக்காகவும் மன்றாடி முடித்து, ஆயர் பிணியாளர்களுக்கு வந்திருந்தார். நூற்று நாற்பது பேர் மூச்சும் கேளாதபடி முழந்தாளிட்டிருந்தார்கள். பக்கத்துச் சிறுவர் அறையில் குழந்தைகள் மட்டும் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார்கள்.  கண்களைத் திறந்திருந்தவர் ஜெபசீலன் ஒருவரே. பின்வாசலில், தரையில் ஒரு டப்பாவை மெல்ல வைக்கும் ஓசை அவருக்குக் கேட்டது. பிறகு எனாமல் வாசனை வந்தது.

அவர் சாராளின் தோளைத் தொட்டார். அவள் அசையவில்லை. உலுக்கினார். அவர் ஜெபவேளையில் உறங்கிச் சரிவது வழக்கம். இதுவும் அதுவே என்று எண்ணி, அவள் இன்னும் விறைப்பாக இருந்தாள். கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தார். எதிர்த்தூணில் ஒரு பலகை இருந்தது: ‘ஜெபவேளையில் அமைதி காக்கவும்.’ பத்து ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதி மாட்டியது. வாய் திறந்தபடியே இருந்தது; குரல் வரவில்லை.

“பொருள் எண் அறுபத்திரண்டு” என்றது பின்னால் ஒரு பழகிய குரல், ஜெபத்துக்கு இடையூறு ஆகாதவாறு தாழ்ந்து. “முழந்தாளிட்ட நிலையில் பெண் உருவம்.”

“குமரேசன், அவளை விட்டுவிடுங்கள்” என்று ஜெபசீலன் கிசுகிசுத்தார்.

“சார், நீங்களா!” குமரேசன் அதிர்ந்துவிட்டார். “நீங்க போலி சார். அசல்களோட நீங்க கலந்து இருக்கறதைப் பாத்தாங்கன்னா என் வேலையே போயிடும். தயவுசெஞ்சு வெளிய வாங்க.”

கழக ஊழியர்கள் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே ஆயர், பிணியாளர்களை முடித்துப் பயணிகளுக்காக மன்றாடத் தொடங்கினார். அவருடைய உயர்த்திய வலக்கை ‘ஆசி வழங்கும் நிலை’ என்று பதியப்பட்டது. அசைந்த குற்றத்துக்காகக் குழந்தைகள் பதியப்படவில்லை; அவர்களை உறவினர் வந்து அழைத்துச் சென்றார்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்குமுன் ஒவ்வொரு பொருளுக்கும் சாட்சி விசாரணை நடந்தது. ஜெபசீலன் ஆலய அலுவலக வாசல் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து, ‘இல்லை’ என்று நாற்பது முறை சொல்லிப் பழகிக்கொண்டார். முறை வந்ததும் உள்ளே போனார். காலம், பிற்காலச் சேர்க்கைகள், கலைச்சிறப்பு எல்லாவற்றுக்கும் சரியாக விடையளித்தார்.

“இறுதிக் கேள்வி” என்றார் தனக்கோடி. “இப்பொருள் இல்லாவிட்டால் எவருக்கேனும் இழப்பு உண்டா?”

சாராள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சொல்லுங்க’ என்று அவள் உதடுகள் அசைந்தன.

ஜெபசீலன் நாக்கை மேலண்ணத்தில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. கன்னத்தில் ஏதோ வழிந்தது. கண்காணிப்பாளர் அதைக் கவனித்து, கேள்வியைத் திரும்பக் கேட்காமல், ‘அசல்’ என்ற முத்திரையை எடுத்தார்.

“ஒரே ஒரு பொய்” என்றாள் சாராள். அவள் குரலில் கோபம் இருந்தது. முகத்தில் அவ்வளவு இல்லை. “ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு.”

இப்போது ஜெபசீலன் ஞாயிறுதோறும் சாப்பாட்டுக் கூடையுடன் நுழைவுச் சீட்டு வாங்கி, பிற பார்வையாளர்களோடு வரிசையில் ஆலயத்துக்குள் செல்கிறார். வரிசையில் நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலை அசைத்துக்கொண்டே இருக்கிறார். வழிகாட்டி ஒருவர், மணி லண்டனிலிருந்து வந்ததையும், பெஞ்சுகள் தேக்கு என்பதையும், உருவங்கள் யாவும் உயிருள்ளவைபோல் இருப்பதையும் விளக்குகிறார். பிறகு எல்லோரையும் மூன்றாம் பெஞ்சின் அருகே நிறுத்துகிறார்.

“இங்கே ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். நெடுங்காலம் இந்த இடத்தில் ஒரு போலி இருந்தது. கழகம் கண்டுபிடித்து அகற்றிவிட்டது.”

அந்தக் காலியிடத்தில் சாராளின் பாமாலைப் புத்தகம் இருக்கிறது. ஜெபசீலன் வண்டியை நிறுத்திவிட்டு வரும்வரை, வேறு யாரும் உட்கார்ந்துவிடாமலிருக்க, அவள் எப்போதும் அதை அங்கேதான் வைப்பாள். அதன் அட்டையிலும் வெள்ளை எனாமலில் எண் இட்டிருக்கிறார்கள்.